வலிக்காத கட்டி

மங்கலம்பேட்டையிலிருந்து விருத்தாசலம் வரும் பஸ்ஸில், என் முன் சீட்டில் பீங்கான் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணும், அங்கேயே வேலை பார்க்கும் அவள் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வலிக்கல இல்ல? அப்ப அது சும்மா கட்டிதான். மார்ல போயி ஊசி எதுக்கு?" என்றார் நாத்தனார்.

வலிக்காத கட்டி என்றதும், சில்லறை தேடுவதுபோல் என் மார்பைத் தடவிப் பார்த்தேன். ஒன்று தட்டுப்பட்டது. சட்டைப் பித்தான்.

"வலிக்கலன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்லன்னு டாக்டரு சொன்னாரு அண்ணி. நெறைய கட்டி சும்மா கட்டிதானாம். ஆனா இத ஊசியால கொஞ்சம் எடுத்துப் பாத்தாதான் உறுதியா சொல்ல முடியுமாம்."

"ஊசி பட்டா பரவிடும்."

"சூளையில இருந்து வர்ற கப்ப சுண்டிப் பாக்காம பெட்டியில வெக்கிறமா? சுண்டினதாலயா விரிசல் வுடுது? உள்ள இருந்தா சத்தத்துல தெரியுது, அவ்வளவுதான்."

"என் தம்பி வேணாங்கறான்."

"கட்டி அவரு மார்லயா இருக்குது?"

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் அவள் எழுந்தாள். முணுமுணுத்துக்கொண்டே நாத்தனாரும் எழுந்தார்.

"பையக் குடு இங்க. ஊசியப் பாத்தா எனக்கு மயக்கம் வரும், இப்பவே சொல்லிட்டேன்."

"வரட்டும். ரெண்டு கட்டிலா போடச் சொல்றேன், எறங்குங்க."