ஆறு மடங்கு தூரம்

— வாசல்லயே நில்லு, லாரிட்ஸ். பன்னிப்பண்ணை மரச்செருப்போட என் சமையலறைக்குள்ள கால் வைக்காதே.

— கழட்டிட்டேன், பாரு. வெறும் காலுறைதான். காபி ஊத்த மாட்டியா, இங்கெர்?

— காபி சிநேகிதங்களுக்கு.

— இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்து நிலம். ஜட்லாண்ட் முழுக்கத் தேடினாலும், வந்தவனுக்குக் காபி தராத வீடு இது ஒண்ணுதான்.

— அண்டை வீட்டுக்காரி தலைக்கு மேல கரண்டு எடுக்கிற ராட்சசக் காத்தாடி நடறவனுக்கு வேற என்ன தருவாங்க? உன் பேத்தியோட சர்ச் விருந்துக்கு ஊரையே கூப்பிட்டே. எங்க தபால்பெட்டிய மட்டும் தாண்டிப் போனே.

— கூப்பிட்டிருந்தா உன் புருஷன் எய்னர் அங்கயும் வந்து கத்தியிருப்பான்.

— அவன் வலை போடக் கடலுக்குப் போயிருக்கான். தெரிஞ்சுதானே வந்தே?

— தெரிஞ்சுதான். அவன் இருந்தா யாரைப் பேச விடுவான்? அன்னைக்கு ஊர்க்கூடத்துல, நகராட்சி ஆளுங்க முன்னால, என்னைப் பணப்பேய்ங்கிறான். என் பொண்ணு எழுந்து வெளிய போயிட்டா. போதாததுக்கு உங்க கேட்ல அந்தப் போர்டு வேற.

— 'இந்த வீடு விற்பனைக்கு இல்லை'. பெயின்ட் அடிச்சது அவன்தான்.

— ஏணியைப் பிடிச்சது நீதானே? டிராக்டர்லேருந்து பார்த்தேனே.

— கூப்பிட்டா ஏணி பிடிக்கணும். கல்யாணம் ஆன நாள்லேருந்து அதான் என் வேலை. உனக்கென்ன அதுல?

— அம்மா தாயே, கேட்டுக்கோ. நான் சண்டைக்கு வரல. தோத்துட்டேன்னு சொல்ல வந்தேன்.

— எதுல தோத்தே?

— உங்க ஆட்சேபனை மனுவால அனுமதி நின்னுபோச்சு. காத்தாடிக் கம்பெனிக்காரன் சலிச்சுட்டான். காத்தாடியை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தள்ளி வைக்கிறோம். நீங்க மனுவைத் திரும்ப வாங்கிக்கிட்டாப் போதும்.

— எவ்வளவு தள்ளி?

— உங்க வீட்டுலேருந்து, அதோட உயரத்துக்கு ஆறு மடங்குக்கும் மேல. சத்தம் கேக்காது, ஜன்னல்ல நிழல் விழாது. எய்னர் கெலிச்சுட்டான். போய்க் கொடியேத்தச் சொல்லு.

— ஆறு மடங்குக்கும் மேலயா? யாரைக் கேட்டு முடிவு பண்ணினீங்க?

— அட, இது என்ன கூத்து! தள்ளி வைன்னு கத்தினதும் நீங்க. தள்ளி வச்சா முறைக்கிறதும் நீங்களா?

— ஆறு மடங்குக்குள்ள இருந்தா, நாங்க கேட்டாக் கம்பெனி இந்த வீட்டை வாங்கியே ஆகணும். சட்டம் அதானே?

— சட்டம் அதான். விக்க மாட்டோம்னு போர்டு மாட்டினவங்களுக்கு அது எதுக்கு?

— கரையோரம் அந்த ஆசிரியர் வீடு எவ்வளவு காலமா விலை போகாமக் காலியாக் கிடக்குது? இங்க வீடு வாங்குறேன்னு போனா எந்த பேங்க்காரன் கடன் தர்றான்? கம்பெனிய விட்டா, இதை வாங்க ஒரு நாதி உண்டா?

— இங்கெர்... எங்க போகப்போறே?

— உனக்கெதுக்கு? நகரத்துல மாடியில ஒரு ரூம். கதவைச் சாத்தினா, யாரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அது போதும்.

— எய்னருக்குத் தெரியுமா?

— அவன் என்னைக்கு என்னைக் கேட்டிருக்கான், நான் சொல்றதுக்கு?

— வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. அவன் கையெழுத்துப் போடணுமே. செத்தாலும் இங்கேருந்து நகர மாட்டான், அவன்.

— நிழல் அவன் சாப்பாட்டுத் தட்டு மேல சுத்தினா நகருவான். தள்ளி வைக்காதே, லாரிட்ஸ். நாலு மடங்கு வரைக்கும் சட்டம் விடுது. இன்னும் கிட்டக் கொண்டு வா.