நீலாவதி தட்டுன கணக்கு

...அந்த டாக்டருக்கு என்னங்க, சொல்லிப்புட்டாரு, ஏழு நாளு இவ கையவே பாத்துக்கிட்டு கெடன்னு. நான் ஆக்கித் துன்ன வேணாமா, வேலைக்குப் போவ வேணாமா? இந்தா, பஸ்ஸு ஜன்னலோரம் குந்தியிருக்காளே எம் பொண்ணு, இவதான். நீலாவதி. ஒம்போது வயசு. எதக் கண்டாலும் வெரலால ரெண்டு தட்டு. சோத்துத் தட்டு, கதவு, எதுத்த வூட்டுக் கன்னுக்குட்டி... தட்டிப்புட்டு காதக் குடுத்துக் கேப்பா. எதுக்குடின்னா சிரிப்பா.

வூட்டோட இருந்தா பரவால்லைங்க. ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்டரு வந்துருக்காரு. நல்ல வழுக்க. குனிஞ்சு இவ நோட்டப் பாத்தாராம். அவ்ளோதான், தலையில ரெண்டு தட்டு. அதோட உட்டாளா? கீறல் இருக்குது சார்னாளாம்.

பெரிய டீச்சரு கூப்புட்டு உட்டு, டாக்டரு சீட்டு வாங்கியா, இல்லாட்டி இவ வரவேணாம்னுட்டாங்க. நான்தாங்க கைநாட்டு. இவளாவது படிக்கட்டும்னு... நெனச்சா சோறு எறங்கலைங்க.

உங்க மடியில இருக்கற இந்தப் பீங்கான் ஜாடி நம்மூர்ல வாங்குனதா? நல்ல சரக்கு. கேட்டீங்களா, ணங்குனு சொல்லுது.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்... ஆங், பெண்ணாடத்துக்கு வியாழக்கெழம வியாழக்கெழம புள்ளைங்க டாக்டரு வராரு. போன வாரம் போனேன். ஒரு நோட்டக் குடுத்து, இவ தட்டறப்பல்லாம் ஒரு கோடு போடு, பக்கத்துலயே, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எழுதுன்னாரு. எழுத நான் எங்க போறது? வூட்டுக்காரரு நெய்வேலில, ஞாயித்துக்கெழமதான் வருவாரு. அதான் கோடு நானு, எழுத்து அவ. வெவரமா எழுதுடின்னு சொல்லிட்டேன்.

மொத நாளு கோடே போடலைங்க, புளியங்கொட்டைல எண்ணுனேன். ஒண்ண டம்ளர்ல போட்டா டிங்குங்குது. அந்தச் சத்தத்துக்கு இவ ஒரு தட்டு. அதுக்கு ஒரு கொட்ட. அதுக்கு ஒரு தட்டு. பொழுது சாயறதுக்குள்ள டம்ளரு ரொம்பிப் போச்சு. அப்பறம்தான் கோட்டுக்கு மாறுனேன்.

நானா? பீங்கான் கம்பெனிதான். எழுவத்திரண்டுல சேந்தேன், மூணு வருஷமா செக்கிங்கு. சூளையிலேர்ந்து எறங்குற கப்ப ஒவ்வொண்ணா குச்சியால ரெண்டு தட்டு தட்டிக் கேக்கணும். நல்லதுன்னா ணங்கும். கீறல்னா சொத்தையா ஒரு சத்தம். நாளைக்கு ஆயிரம் கப்பு. அது வேலைங்க, அது வேற.

ஐய, ஜாடிய ஏன் அந்தாண்ட மாத்திக்கிட்டீங்க? இருக்கட்டும், இருக்கட்டும்.

ஏங்க, கண்ணாடி போட்டுருக்கீங்க, படிச்சவங்களாட்டம் தெரியுது. இந்த நோட்ட செத்த படிச்சுக் காட்டுங்களேன். டாக்டரு முன்னாடி நான் முழிக்கக் கூடாது பாருங்க.

என்னது? அம்மா இட்லிப் பானயத் தட்டுனாங்கன்னா? செரி, அடுத்த வரி... அம்மா தண்ணிக் கொடத்தத் தட்டுனாங்க. ம். அதுக்கடுத்து... பால்காரரு சொம்பா? அவரு சொம்ப நான் எப்பங்க... இருங்க, இருங்க. அம்மா, அம்மா, அம்மா... ஏழு நாளும் இதேதானா?

ஏண்டி நீலா, ஒரு வார்த்த சொன்னியாடி? ...நீ கேக்கலியேங்கறா பாருங்க.

ஏழு நாளு அவ கையவே பாத்தேங்க. என் கை என்ன பண்ணுச்சுன்னு எவ பாத்தா? இத எந்த மொகத்தோட டாக்டருகிட்ட நீட்டுவேன், சொல்லுங்க. கிழிச்சிப் போட்டா சீட்டு இல்ல. சீட்டு இல்லன்னா இவளுக்கு ஸ்கூலு இல்ல. ...குடுத்துடறேங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாரு.

என்னங்க எந்திரிச்சிட்டீங்க? பெண்ணாடம் இன்னும் வரலியே. ஜாடிய ஏன் இப்பிடிக் கட்டிப் புடிக்கறீங்க? முன்னாடி எடம் இருக்குதா... செரி, போங்க. எதுக்கு என் கையவே பாத்துக்கிட்டுப் போறீங்க?

ஏண்டி நீலா, அங்க என்னடி எழுதற? என்னாது... பஸ்ஸு ஏறுனதுலேர்ந்து பதினேழா? நானா? இந்தக் கம்பியத் தட்டுனதையுமா சேத்துக்கிட்ட?

...செரி, போடுடி கோடு. என் பேர்ல தனியாப் போடு.