வீக்கம் எப்பலேருந்து?

டாக்டர்: ...அதெல்லாம் இருக்கட்டும் சார். காலையில எழுந்ததுலேருந்து வரிசையா சொல்லுங்க.

அப்பா: ஆறு மணிக்கு எழுந்திருப்பேன். பால் காய்ச்சுவேன். இவளை எழுப்புவேன். பல் தேய்ப்பா, குளிப்பா. ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன்.

டாக்டர்: சட்டைக்குப் பட்டன் யாரு போடறது?

அப்பா: அவளேதான்.

மகள்: நீங்கதான் போடறீங்க.

அப்பா: ...அவசரத்துக்கு என்னைக்காவது.

மகள்: தெனமும்.

டாக்டர்: சபாஷ். வீட்டுக்கு ஒரு சாட்சி வேணும். கையைக் கொண்டா... இந்த விரலை மடக்கு. வலிக்குதா?

மகள்: இல்ல.

டாக்டர்: வாய் இல்லங்குது, புருவம் ஆமாங்குது. யாரை நம்பறது?

மகள்: ...புருவத்தை.

டாக்டர்: முழங்காலும் சூடா இருக்கு. காலையில எவ்வளவு நேரம் கை கால் மடக்க வராம இருக்கும்?

அப்பா: அஞ்சு நிமிஷம். அப்புறம் ஓடுவா.

மகள்: அது நீங்க எழுந்தப்புறம்.

அப்பா: அப்படின்னா?

மகள்: நான் அஞ்சு மணிக்கே எழுந்துடுவேன். பக்கெட்ல வெந்நீர் பிடிச்சு கைய விட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமா மடங்கும்.

அப்பா: தெனமுமா?

மகள்: ஞாயித்துக்கிழமை தவிர. நீங்க லேட்டா எழுந்திருப்பீங்க.

அப்பா: ஏம்மா எங்கிட்ட சொல்லல?

மகள்: சொன்னா ஆஸ்பத்திரியில படுக்க வைப்பாங்க. அம்மாவை வச்ச மாதிரி.

டாக்டர்: இது வேற, கண்ணு. இது மூட்டுல வர்ற வாதம். சின்னப் பிள்ளைங்களுக்கும் வரும், மருந்து இருக்கு. வீட்டுலயே இருக்கலாம், ஸ்கூலுக்கும் போகலாம். கணக்குப் பரீட்சையிலேருந்து தப்பிக்க முடியாது.

மகள்: அய்யோ.

டாக்டர்: மூட்டு டாக்டருக்கு நான் எழுதித் தரேன். கண்ணையும் காட்டிடணும், சில பேருக்கு இந்த வாதம் சத்தமில்லாம கண்ணுக்குள்ளயும் போகும். சார், வீக்கம் எப்பலேருந்து?

அப்பா: ரெண்டு மாசம்.

டாக்டர்: நிச்சயமா? ரெண்டு மாசம்னா வரிசையில காத்திருக்கலாம். அதுக்கு மேலன்னா நான் இப்பவே போன் போடணும். மூட்டு கெட ஆரம்பிச்சிருக்கும். திட்ட மாட்டேன் சார். தேதிதான் வேணும்.

அப்பா: பாப்பா, நீ கொஞ்சம் வெளியில உக்காரு.

மகள்: மாட்டேன்.

அப்பா: ...எட்டு மாசம். எட்டு மாசம், நாலு நாள்.

டாக்டர்: நாள் கணக்கு எப்படி...?

அப்பா: இவ அம்மா போன அன்னைக்கு. அவதான் வீக்கத்தை முதல்ல பார்த்தா.

மகள்: அன்னைக்கு அம்மா, ‘பாப்பா சமத்தா இருக்கணும்’னு சொன்னாங்கன்னுதானே சொன்னீங்க?

அப்பா: அது நானா சொன்னது.

மகள்: அப்ப அம்மா என்னதான் சொன்னாங்க?

அப்பா: “பாப்பாவுக்கு நடுவிரல் வீங்கியிருக்கு, நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எனக்காகத் தள்ளிப் போடாதீங்க.”