கைக்கு இதமான நரம்பு

கை வலிக்குதுன்னு கடைக்கு வர்றவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது ஒண்ணுதாங்க சார். கையைக் குறை சொல்லாதீங்க, பேட்டுல இருக்கற நரம்பைப் பாருங்க. யாரும் கேக்க மாட்டாங்க. தைலம் தேய்ப்பாங்க, ஒத்தடம் குடுப்பாங்க, கண்ணு பட்டுடுச்சுன்னு மிளகா சுத்திப் போடுவாங்க. நரம்பு நைலானா ஆட்டுக்குடலான்னு மட்டும் திருப்பிப் பாக்க மாட்டாங்க.

சகாதேவன் சார், நீங்க பி.டி. மாஸ்டர். எத்தனையோ பொண்ணுங்களுக்கு டென்னிஸ் சொல்லிக் குடுத்திருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதது இல்ல. இருந்தாலும் வாயைத் திறந்து கேட்டுட்டீங்க, அதனால முதல்ல இருந்தே சொல்றேன். அந்த ஸ்டூல் ஆடும், பெஞ்சுல உக்காருங்க. கஸ்தூரி கோயிலுக்குப் போயிருக்கா. வெளிப்பிரகாரம் சுத்திட்டுப் பொழுது சாயத்தான் வருவா.

ஆட்டுக்குடல் நரம்புன்னா குடலைத் திரிச்சுக் காய வெச்சுப் பண்றது. பந்து பட்டா கொஞ்சம் உள்ள வாங்கும், அப்புறம்தான் தள்ளும். அடியோட அதிர்ச்சியைப் பாதி அதுவே முழுங்கிடும். நைலானுக்கு அந்த நல்ல குணம் கிடையாது. வாங்கினதை வாங்கினபடியே கைக்கு அனுப்பிடும். அதுலயும் தடிச்ச நைலானா எடுத்து, நரம்பு கட்டற மிஷின்ல எடைக்கல்லைத் தள்ளி வெச்சு விறைப்பா இழுத்துக் கட்டிட்டா, பலகையால பந்தை அடிக்கற மாதிரிதான். இளசான கைக்கு முழங்கை வெளிப்பக்கம் முதல்ல வலிக்கும். அப்புறம் டம்ளர் தூக்க வராது. அப்புறம் பூட்டுல சாவி திருப்ப வராது.

இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, தெரியாம பண்ணிட்டேன்னு நான் சொல்லப் போறதில்ல. தேரடித் தெருவுல எங்கப்பா அப்பாசாமி இந்த விளையாட்டுச் சாமான் கடையை வெச்ச காலத்துல இருந்து கிளப்புக்காரங்க அத்தனை பேர் பேட்டும் என் கையில வந்து போனதுதான். எந்தக் கைக்கு எந்த நரம்புன்னு இந்த ஊர்ல என்னை விடத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல.

கஸ்தூரி என் கூடப் பொறந்தவதான். ஆனா அம்மா போனப்ப அவ தவழ்ந்துக்கிட்டு இருந்தா. என் இடுப்புலயேதான் வளந்தா. அப்பாவும் போனப்புறம் அவளுக்கு நான், எனக்கு அவ. பெத்தாத்தான் பிள்ளையா சார்? கீழ்பென்னாத்தூர்ல இருந்து எனக்கு ஒரு இடம் வந்தது. நிலம், மோட்டார் கிணறு, கடலைக்காய் நல்லா வெளையற பூமி. தங்கச்சியையும் கூட்டிட்டுத்தான் வருவேன்னேன். மாப்பிள்ளையோட அம்மா முகம் சுருங்கிடுச்சு. காபி குடுத்து அனுப்பி வெச்சுட்டேன். அதுக்காக நான் ஒரு நாளும் அழுததில்ல. அதைக் கஸ்தூரிகிட்ட சொல்லிக் காட்டினதும் இல்ல, அவ எதிர்த்துப் பேசற நாளைத் தவிர.

அவ கையில பேட்டைக் குடுத்ததும் நான்தான். கிளப்புல மண் கோர்ட்டு சும்மா கிடக்கும், பேங்க் மேனேஜர் சம்சாரத்துக்கு ஜோடி கிடைக்காம இருந்தது, அனுப்பி வெச்சேன். அப்புறம் நீங்க பாத்தீங்க. இந்தப் பொண்ணு மணிக்கட்டுல ஏதோ இருக்குதும்மான்னீங்க. எனக்குத் தலை கால் புரியல. அதே சமயம் ஏதோ பயமும் வந்தது. ஏன்னு அப்பத் தெரியல.

விடியறதுக்குள்ள கோர்ட்டு, அங்க இருந்து காலேஜ், சாயங்காலம் மறுபடி கோர்ட்டு. வீட்டுக்கு வந்தா சாப்பாடு, தூக்கம். என்கிட்ட அவ பேசறது உப்பு கம்மி, உறைப்பு ஜாஸ்தி, அவ்வளவுதான். அந்தச் சமயத்துலதான் மெட்ராஸ் சேதியை நீங்க கொண்டு வந்தீங்க. டென்னிஸ் ஆடற பொண்ணுங்களுக்குனு ஒரு கம்பெனியில வேலை, தங்கறதுக்கு ஹாஸ்டல், கார்த்திகை தீபம் முடிஞ்சு ரெண்டு வாரத்துல தேர்வு. அவ கண்ணு மின்னினதை நீங்களும் பாத்தீங்க.

என்னையும் கூப்பிட்டா, இல்லைங்கல.

"நீயும் வந்துடுக்கா. ஒரு ரூம் எடுத்துக்கலாம்."

"கடையை யாரு பாக்கறது?"

"மூடிடு."

அவ்வளவுதான் சார். பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்க முறுக்குப் பொட்டலத்தை நீட்டுவாங்க பாருங்க, அந்த மாதிரி. நீங்க எடுத்துக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் நீட்டுவாங்க. நானும் எடுத்துக்கல. நிஜமாத்தான் கூப்பிட்டாளோன்னு இப்ப ஒவ்வொரு சமயம் தோணுது. தோணி என்ன பண்றது?

எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு, நீங்களும் கேலி பண்ணியிருக்கீங்க. தீபத்துக்குக் கொடி ஏறிட்டா எங்க வீட்டுல கவிச்சி ஆகாது. அது இங்க எத்தனையோ வீட்டுல இருக்கறதுதான். எங்கப்பா அதுக்கும் மேல ஒரு படி போயிட்டாரு. ஆட்டுக்குடல் நரம்பும் குடல்தானே, கொடி ஏறினதுல இருந்து தீபம் முடியற வரைக்கும் கடையில அதையும் தொடக்கூடாதுன்னு வெச்சுட்டாரு. அந்த நாள்ல யாரு வந்தாலும் நைலான்தான். பேட்டு கூடவா விரதம் இருக்குதுன்னு பேங்க் மேனேஜர் சிரிப்பாரு.

அந்தத் தடவை கொடி ஏறின மறுநாளே கஸ்தூரி பேட்டுல நரம்பு அறுந்துபோச்சு. வழக்கப்படி நைலான் போட்டுக் குடுத்தேன். சத்தியமா அப்ப என் மனசுல ஒரு கல்மிஷமும் கிடையாது. கல்லைக் கூட கம்மியாத்தான் வெச்சேன். ஆனா அவ தேர்வு தேர்வுன்னு வெறி பிடிச்ச மாதிரி அடிச்சிட்டிருந்த சமயம். மூணாம் நாள் சாயங்காலம் வந்து, முழங்கை வலிக்குதுக்கான்னு என் பக்கத்துல உக்காந்தா. விளக்கெண்ணெயைச் சுட வெச்சு எடுத்துட்டு வந்தேன். கையை என் மடியில போட்டா. நான் நீவி விட விட அப்படியே கண்ணை மூடிக்கிட்டா. தெருவுல மேளச் சத்தம், சாமி வர்ற சத்தம், அவ எழுந்து பாக்கக்கூடப் போகல. "உன் கை பட்டாத்தான்க்கா வலி போகுது"ன்னா.

எத்தனை வருஷம் ஆச்சு சார் அவ என்கிட்ட அப்படி உக்காந்து. தீபம் வரைக்கும் தெனம் வந்தா. சின்ன வயசுக் கதையெல்லாம் பேசினோம். உங்களைக் கூட கேலி பண்ணிச் சிரிச்சோம், தப்பா நினைக்காதீங்க. அந்த வருஷம் மலையில தீபத்தை நாங்க மாடியில நின்னு ஒண்ணாப் பாத்தோம். என் தோள் மேல சாஞ்சுக்கிட்டு இருந்தா.

தீபம் முடிஞ்சது. பழையபடி நல்ல நரம்பு போட்டுட்டியாக்கான்னு கேட்டா. போட்டுட்டேன்னேன். பேட்டு அப்படியேதான் இருந்தது. பொய் தானா வாயில வந்துடுச்சு. சரி, சொன்னதை நிஜமாக்கிடலாம்னு மத்தியானம் மிஷின்ல மாட்டினேன். குடல் நரம்பை எடுத்து மேசை மேல வெச்சேன். கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன். அப்புறம் அதை எடுத்து உள்ள வெச்சுட்டு, கடையில இருந்ததுலயே தடிச்ச நைலானை எடுத்தேன். எடைக்கல்லை முன்னை விட நல்லாத் தள்ளி வெச்சேன். மேல வார்னிஷ் ஒரு பூச்சு. குடல் மாதிரியே பழுப்பா வந்துடுச்சு.

அவ எப்படிக் கண்டுபிடிக்கலைன்னு கேக்கறீங்க. அது ஆட்டுக்குடல்னு சின்ன வயசுல தெரிஞ்சதுல இருந்து அவளுக்குக் குமட்டும். விரலால தொட மாட்டா. நரம்பு விலகினாக்கூட, ஆட்டத்துக்கு நடுவுல பாவாடை நுனியாலதான் தள்ளுவா, நீங்க திட்டுவீங்களே. அடிக்கறப்ப விறைப்பா இருந்தா, என் கைதான்க்கா கெட்டுப்போச்சுன்னா. என் மேல அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அக்கா போட்ட நரம்பு தப்பா இருக்கும்னு அவளுக்கு நினைக்கக்கூட வராது.

ஆதிமூலம் டாக்டர்கிட்ட நாம மூணு பேரும்தான் போனோம். அவர் கையை மடக்கிப் பாத்துட்டு, நரம்பு ரொம்ப விறைப்பா இருக்குதும்மா, இளக்கமா வெச்சுக்கணும்னாரு. "எந்த நரம்பு டாக்டர், என்னுதா பேட்டுதா?"ன்னா இவ. டாக்டர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. நீங்க சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். பேட்டு நரம்பு எங்கக்கா பாத்துக்குவா, நீங்க இதைப் பாருங்கன்னு கையை நீட்டினா. அப்பவாவது சொல்லியிருக்கலாம்னு உங்களுக்குத் தோணும். வீட்டுக்கு வந்ததும் நான் அந்த நரம்பை அறுத்துட்டு, அதை விட விறைப்பா வேற போட்டேன். தலைக்கு மேல போயிட்டா சாண் என்ன, முழம் என்ன.

டாக்டர் ஊசி போட்டதுல வலி தெரியாம போச்சு. வலி தெரியலைன்னதும் இன்னும் வேகமா ஆடினா. நீங்களும் ஆடச் சொன்னீங்க. உங்களை நான் குத்தம் சொல்லல சார், உங்களுக்கு அவ ஜெயிக்கணும். எனக்கு, தேர்வு அன்னிக்குக் கொஞ்சம் வலிச்சா போதும். தோத்துட்டு வந்துடுவா, நாலு நாள் அழுவா, அப்புறம் நல்ல நரம்பு போட்டுடலாம். அதுதான் என் கணக்கு. உள்ள ஏதோ பிய்ஞ்சு போகும், பந்தைத் தூக்கிப் போட்டு ஓங்கி அடிக்கறப்ப பேட்டு கையை விட்டு விழும், அவ கோர்ட்டு நடுவுல உக்காந்துடுவான்னு எனக்கு எப்படித் தெரியும்? துண்டால கையைத் தூளி கட்டி மெட்ராஸ்ல இருந்து பஸ்ல கூட்டிட்டு வந்தீங்க. இறங்கினதும் என்னைப் பாத்து, "போச்சுக்கா"ன்னா. அந்தக் குரல் இன்னும் என் காதுலயே இருக்குது.

கட்டு பிரிச்ச அப்புறமும் அந்தக் கை சரியா வரல. சோத்தைப் பிசைஞ்சு வாய்க்குக் கொண்டு போக முடியல, நான்தான் ஊட்டறேன். தலை வாரி விடறேன், ரவிக்கைக்குக் கொக்கி மாட்டி விடறேன். நடுவுல திடீர்னு அழுவா. நானும் கூட உக்காந்து அழுவேன். நடிப்புன்னு நினைக்காதீங்க. தானாடாட்டாலும் தன் சதை ஆடும்பாங்க, அவ முனகினா என் முழங்கை வலிக்குது. என் நெஞ்சு உடைஞ்சுதான் கிடக்குது சார். அவளுக்காக அழறதுக்கு இந்த உலகத்துல நான் ஒருத்திதான் இருக்கேன்.

வேற பொண்ணுக்காவது ஆகட்டும்னு அவளே பேட்டை உங்ககிட்ட தூக்கிக் குடுத்தப்ப எனக்குப் பகீர்னுது. தடுத்தா சந்தேகம் வரும். மெட்ராஸ்ல நரம்பு மாத்தறவர் கத்தி வெச்சதுமே நைலான்னு சொல்லிட்டாராமே, இப்படி விறைச்சுக் கட்டினவன் கையை உடைக்கணும்னாராமே. அவர் தொழில் தெரிஞ்சவர். ஆமாம் சார், நான்தான் கட்டினேன். தெரிஞ்சுதான் கட்டினேன். போலீசுக்குப் போகணும்னா போங்க. பேட்டுக்கு நைலான் போட்டதுக்கு எந்தச் சட்டத்துல என்ன எழுதுவாங்களோ தெரியல.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கஸ்தூரிகிட்ட சொல்லாதீங்க. எனக்காக இல்ல. அவ தாங்க மாட்டா. இப்பத்தான் கொஞ்சம் முகம் தெளிஞ்சிருக்குது.

ஏன்னு உங்களுக்குத் தெரியாதில்ல. போன வாரம் பின்பக்கத்துல தொப்பு தொப்புனு சத்தம் கேட்டுது. போய்ப் பாத்தா, கடையில கிடந்த பழைய பேட்டை எடுத்து, இடது கையால சுவத்துல பந்து அடிச்சிட்டிருக்கா. முதல்ல எல்லாம் சாக்கடைப் பக்கமா போச்சு. ரெண்டு மூணு நாள்ல நேரா வர ஆரம்பிச்சிடுச்சு. வேர்த்து விறுவிறுத்து வந்து நிக்கறா, சின்னப் பிள்ளையில சிரிச்ச சிரிப்பு. "இடது கையும் வரும் போல இருக்குதுக்கா. மாஸ்டர்கிட்ட சொல்லிடாத, நல்லா வந்ததும் நானே காட்டறேன். மெட்ராஸ்ல மறுபடி கேட்டுப் பாக்கலாம். இந்தக் கைக்காவது நல்லா இதமான நரம்பா பாத்துப் போட்டுக் குடுக்கா"ன்னா.

அவ கேட்டு நான் எதை இல்லைன்னிருக்கேன்? உடனே போட்டுக் குடுத்துட்டேன். எவ்வளவு சந்தோஷமா வாங்கிட்டுப் போனா தெரியுமா.

எந்த நரம்புன்னு கேக்காதீங்க சார். அந்தக் கையும் போயிட்டா, பாவம், அவளுக்கு என்னை விட்டா யாரு இருக்காங்க.