உள்பக்கத்துக் குமிழ்

குளிர் அறையின் கதவு உள்ளேயிருந்தும் திறக்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியாது. உள்பக்கம் உள்ளங்கை அளவில் ஒரு பச்சைக் குமிழ் இருக்கும்; இருட்டிலும் மினுங்கும். வெளியே பூட்டியிருந்தால்கூட அதை அழுத்தித் தள்ளினால் கதவு விட்டுக்கொடுக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லித்தந்தது இது ஒன்றுதான்.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். சந்தோஷம். இத்தனை வருடத்தில் என்னை எழுதச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டேன். படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொன்னார்கள். எழுதப் போகிறேன் என்று நான் சொன்னேன். இரண்டிலும் பாதி உண்மை. அதன் பிறகு கிடங்கில் இரவு வேலை. மீனும் இறைச்சியும் பட்டாணியும் உறைந்து கிடக்கும் இடம். மணிக்கு ஒரு தரம் வெப்பமானியைப் பார்த்து அட்டையில் குறித்தால் போதும், மீதி நேரம் என்னுடையது. கப்பல் தலைவர்களையும் அரண்மனைகளையும் பற்றி மூன்று கதைகள் எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். மூன்றும் திரும்பின. கடைசிக் கதையோடு ஒரு துண்டுச் சீட்டு இருந்தது: ‘தெரியாததை எழுதாதீர்கள். அனுபவத்திலிருந்து எழுதுங்கள்.’

நியாயமான பேச்சு. அன்றிலிருந்து குளிர் அறையைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். முதல் பத்தி சரியாக அமையவில்லை. அதைச் சரிசெய்துகொண்டிருந்தேன், ஏழு வருடமாக.

என் தங்கையின் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனிதர், யார் பேசினாலும் கன்னத்தில் கைவைத்துக் கேட்பார். வாரம் ஒரு நாள் அவர்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. மூச்சு மீசையில் உறைவதையும், இரும்பை வெறும் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்வதையும், குளிர் ஒரு அளவுக்கு மேல் போனால் உடம்பு சுடுவதுபோல் இருக்கும் என்பதையும் அவரிடம் சொன்னேன். கேட்டார், சொன்னேன். அவ்வளவுதான்.

ஒரு நாள் தங்கை பத்திரிகையை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாப்பிள்ளையின் முதல் கதை. குளிர் அறையில் மாட்டிக்கொண்டு செத்துப்போகும் ஒரு தொழிலாளி. மீசை, இரும்பு, சூடு எல்லாம் இருந்தது. என் கதையைத் திருப்பியனுப்பிய அதே பத்திரிகை. ‘நேரடி அனுபவத்தின் கனம்’ என்று மேலே போட்டிருந்தார்கள்.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்கு உறுத்தியது ஒரு பிழை மட்டும்தான்.

“மாப்ளே, அந்தக் கதவு உள்ளேருந்து திறக்கும்” என்றேன்.

“திறந்தா கதை எங்க மச்சான்? ஆளு வெளிய வந்து காப்பி குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவான்.”

தங்கை சிரித்தாள். “விடுண்ணே. நீ எழுதியிருந்தா கதவோட நீள அகலத்தை அளந்து போட்டிருப்ப, ஆளு இன்னும் உள்ளயே போயிருக்க மாட்டான்.”

“நீங்க உள்ள போயிருக்கீங்களா மாப்ளே?”

“நீங்க போயிருக்கீங்கல்ல? நீங்க வாழுங்க, நான் எழுதுறேன்” என்று என் தோளில் தட்டினார். பிரியமாகத்தான் தட்டினார். அதை நான் மறுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவராகவே கேட்டார். “நீங்க சொன்னதுதான் சரி மச்சான். பார்க்காம எழுதிட்டேன். அடுத்து நாவலாப் பண்ணலாம்னு இருக்கேன். ஒரு தடவை உள்ள கூட்டிட்டுப் போங்க.”

இப்போது யோசித்துப் பாருங்கள். அவர் தவறாக எழுதியிருந்தார். அதைத் திருத்த இரண்டு வழிகள் இருந்தன. கதையை மாற்றலாம், ஆனால் அது அச்சாகிவிட்டது. கதவை மாற்றலாம். அது பத்து நிமிட வேலை, ஒரு ஸ்பேனர் போதும்.

விடுமுறை நாள் மதியம் வரச் சொன்னேன். பகல் ஆள் வராததால் நான் மட்டும் இருந்தேன். பேனா உறைந்துவிடும், பென்சில் கொண்டுவாருங்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன். போனில் பனி பிடிக்கும் என்று அதை என் மேஜையில் வைக்கச் சொன்னேன். ஆணியில் தொங்கிய கனமான கோட்டை எடுத்து நீட்டினேன். அவர்தான் வேண்டாம் என்றார். “அஞ்சு நிமிஷம்தானே மச்சான். குளிர் உடம்புல ஏறணும், அப்பத்தான் எழுத வரும்.”

உள்ளே போனார். கதவைச் சாத்தினேன். விளக்கின் சுவிட்ச் வெளியேதான் இருக்கிறது, அதை அணைக்கவில்லை. எழுத வெளிச்சம் வேண்டும்.

அந்தக் கதவு ஆறு அங்குல தடிமன். உள்ளேயிருந்து ஓங்கித் தட்டினாலும் யாரோ தலையணையைத் தட்டுவதுபோல்தான் கேட்கும். முக்கால் மணி நேரம் கேட்டது. பிறகு அவருடைய போன் அடித்தது.

“அண்ணே, நீயா? அவர் எங்க?”

“அப்பவே கிளம்பிட்டாரேம்மா. போனை மறந்து வச்சிட்டுப் போயிட்டார்.”

“மறதி மன்னன். தலையையும் அங்கயே வச்சிட்டு வந்திருப்பார், தேடிப்பாரு” என்றாள். சாப்பாடு ஆறுகிறது என்றும் சொன்னாள்.

மாலை ஆறு மணிக்குத் திறந்தேன். அவர் பட்டாணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். குமிழை முதலில் பழைய இடத்தில் பொருத்தினேன். பிறகுதான் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தேன். ஒரே ஒரு பக்கம் எழுதியிருந்தார். அதைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். மறுபடி பார்க்க ஆசைப்பட்டு எனக்குத் தெரியாமல் உள்ளே போயிருப்பார், பதற்றத்தில் குமிழை மறந்திருப்பார் என்றேன். வாத்தியார்தானே, இருக்கும் என்று நீங்களும் சொன்னீர்கள்.

அந்தப் பக்கத்தை அன்றே படித்தேன். எழுத்து கோணிக் கோணிப் போயிருந்தது. ஆனால் நான் ஏழு வருடம் தேடிய முதல் பத்தி அதில் இருந்தது. மீசையைப் பற்றி ஒரு சொல் இல்லை, இரும்பைப் பற்றி இல்லை. நான் சொன்னது எதுவுமே இல்லை. பதினொரு வருடம் அந்த அறைக்குள் போய்வந்தவன் நான். அவர் ஒரு மதியம்தான் இருந்தார். இது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை.

அதை என் கையெழுத்தில் எழுதி, முன்னும் பின்னும் கொஞ்சம் சேர்த்து அனுப்பினேன். என் பெயரில் வந்தது. பத்திரிகை ஆசிரியர் தானே போன் செய்து பாராட்டினார்.

தங்கை அந்தப் பத்திரிகையோடு உங்களிடம் வந்ததாகச் சொன்னீர்கள். அவள் தூக்கத்தில் தன் பாதங்களைக் கணவரின் கெண்டைக்காலில் வைத்துச் சூடேற்றிக்கொள்வாளாம். முதல் குளிர் அப்படித்தான் காலில் வந்து தொட்டது என்று அதில் ஒரு வரி. நான் அதைக் கற்பனை என்று நினைத்துவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை.

வேறு எதையும் நான் மறைக்கவில்லை. அவர் எழுதியதில் பெரிதாகக் கைவைக்கவும் இல்லை. ஒரே ஒரு வரியைத்தான் அடித்தேன், கடைசி வரி. ‘மச்சான் வெளியேதான் இருக்கிறார், எப்படியும் திறந்துவிடுவார்’ என்று எழுதியிருந்தார்.

தெரியாததை எழுதக் கூடாது.