வால்மோரின் ரத்த அழுத்தம்

எனக்குச் சிப்பி பிடிக்காது, மேடம். இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவள் இப்படிச் சொல்வது வெட்கக்கேடுதான். வால்மோர் அதற்காகவே என்னைக் கேலி செய்வார். சிப்பி வளர்ப்பது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனால், எலுமிச்சை பிழிந்த சிப்பித் தட்டை வேண்டுமென்றே என் முன்னால் கொண்டுவந்து வைப்பார். நான் முகம் சுளிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

“எலியை அறுக்கிற கைக்குச் சிப்பின்னா அருவருப்பாம். கேட்டியா ஜுசாரா?”

“அவளைச் சாப்பிட விடுங்க. நீங்க இருக்கிற இருப்புக்கு அந்த எலியே தேவலை.”

ஜுசாரா அவர் மனைவி. பள்ளிக்கூட நாளிலிருந்து என் தோழி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. குடும்பம் என்று சொல்ல எனக்கு இருந்தது அந்த வீடு ஒன்றுதான். பகை, பொறாமை என்று நீங்கள் தேடினால் எதுவும் கிடைக்காது என்பதற்காக இதை முதலிலேயே சொல்கிறேன்.

என் வேலை என்னவென்று கேட்டீர்கள். ரத்தத்தில் கிருமி பரவும்போது உடம்பு அதை எதிர்த்துக் கொதிக்கிறது. அந்த அழற்சியில் உடம்பே ஒரு வாயுவை அளவுக்கு மீறி உண்டாக்கிவிடுகிறது. அது ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடும். அழுத்தம் விழும். பிறகு சிறுநீரகம், மூளை, இதயம் என்று ஒவ்வொன்றாகக் கைவிடும். செப்டிக் ஷாக் என்கிறோம். அந்த வாயுவை அடக்கும் மருந்து ஒன்றைப் பல வருடங்களாக உருவாக்கிக்கொண்டிருந்தேன்.

எலிகளிடம் அது அழகாக வேலை செய்தது. குடலைக் கட்டி, துளையிட்டு, காய்ச்சல் வரவைத்த எலி செத்ததுபோலக் கிடக்கும். மருந்தை ஏற்றியதும் திரையில் படுத்திருந்த கோடு எழுந்துவிடும். அழற்சியும் தணியும். ஆறு மணி நேரம் பார்த்துவிட்டு மயக்க மருந்தைக் கூட்டி முடித்துவிடுவேன். வேறு ஆய்வகங்களில் நாள் கணக்கில் விட்டுவைப்பார்கள். எனக்கு அந்தக் கல்நெஞ்சு கிடையாது. ஒரு பிராணி தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூட வலியில் கிடக்கக் கூடாது என்பது என் விதி. ஆய்வு நெறிமுறைக் குழுவில் இருந்தவர்கள் அதற்காக என்னைப் பாராட்டினார்கள்.

ஒரே ஒருமுறை விதி தவறிவிட்டது. கார்னிவல் திருவிழா விடுமுறை அவசரத்தில் உதவியாளர் ஒரு வரிசைக் கூண்டுகளை அப்படியே விட்டுப் போய்விட்டார். நான் திரும்பி வந்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற எலிகளில் பாதி எழுந்து தீனி கொறித்துக்கொண்டிருந்தன. என் மருந்தைப் பெற்றவை எல்லாம் செத்துக் கிடந்தன. வயிற்றைத் திறந்தேன். குடல் கரிய நிறத்தில் இருந்தது. கட்டின நூல் இறுகிப்போய் ரத்தம் போகாமல் ஆகியிருக்கும் என்று முடிவு செய்தேன். நூலை மாற்றினேன். உதவியாளரைக் கண்டித்தேன். அதற்குப் பிறகு ஆறு மணி நேரத்தில் முடித்துவிட யாரும் மறக்கவில்லை.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. வேறு எந்தச் சிகிச்சைக்கும் அசையாத நோயாளிக்கு மட்டும், குடும்பத்தின் சம்மதத்தோடு. முதலில் ஒரு முதியவர், பிறகு ஒரு பெண். இருவருமே மருந்து உள்ளே போகும்போதே போய்க்கொண்டிருந்தவர்கள். எந்தப் பலனும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைவர் தார்சீசியோ என்னோடு படித்தவன். காப்பி குடிக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்:

“சாகப்போறவங்களுக்கே குடுத்துக்கிட்டு இருந்தா உன் மருந்தைச் சவப்பெட்டிக் கடையிலதான் விக்கணும், அனெலீஸ். பொழைக்கத் தெம்பு இருக்கிற ஒருத்தன் சிக்கினா வேணும்னா ஏதாவது தெரியும்.”

விளையாட்டாகத்தான் சொன்னான். அவன் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. ஆனால் அது எனக்குள் தங்கிவிட்டது. இன்னொருவரும் அப்படியே போனால் ஆய்வை மூடிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

வால்மோர் குளிர்காலத்தில் வந்தார். சிப்பி ஓடு உள்ளங்கையில் கிழித்திருக்கிறது. துணியைச் சுற்றிக்கொண்டு கடலிலேயே வேலை பார்த்திருக்கிறார். கை வீங்கி, நடுக்கம் கண்டு, உளற ஆரம்பித்த பிறகுதான் ஜுசாரா அவரை வண்டியில் ஏற்ற முடிந்தது. தார்சீசியோ கையைக் கீறிச் சீழை எடுத்தான். கிருமிக்கு மருந்து, அழுத்தம் விழாமல் தாங்கிப் பிடிக்க இன்னொரு மருந்து, எல்லாம் முறைப்படி ஓடிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். வெளிக்கூடத்தில் ஜுசாரா அவருடைய ரப்பர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அனெ, பூசி மெழுகாதடீ. எனக்கு நேராச் சொல்லு. போயிடுவாரா?”

“வழக்கமான மருந்து சரியாப் பிடிக்கல, ஜு. இன்னொரு தடவை அழுத்தம் விழுந்தா கஷ்டம். என்கிட்ட ஒண்ணு இருக்கு. புதுசு. வேற வழி எனக்குத் தெரியல.”

“உன் கூடப் பொறந்தவனா இருந்தா குடுப்பியா?”

“குடுப்பேன்.”

“அப்புறம் எதுக்குடீ இவ்வளவு தயங்குறே? எங்க கையெழுத்துப் போடணும்?”

நான் கொண்டுவந்த தாளைப் படிக்காமலே போட்டாள்.

மதியம் தார்சீசியோ ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தான். அப்போதுதான் வால்மோரின் அழுத்தம் சரிந்தது. பணியிலிருந்த டாக்டர் சின்னப் பெண். ஓடிவந்து திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சம்மதம் தயாராக இருக்கிறது என்றேன். மருந்தை நானே ஏற்றினேன்.

நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். நாற்பத்தெட்டில் கிடந்த சராசரி அழுத்தம் ஐம்பத்தைந்து, அறுபது என்று ஏறி எழுபத்தாறில் வந்து நின்றது; அறுபத்தைந்தைத் தாண்டினாலே போதும். நர்ஸ்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அழற்சியின் அளவும் இறங்கியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற ஜுசாராவுக்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆறு மணி நேரம் பக்கத்திலேயே இருந்தேன். பிறகு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

எலிகளை நான் அந்த இடத்தில் நிறுத்திவிடுவேன். மனிதரை நிறுத்த முடியாது.

மறுநாள் அவர் விரல் நுனிகள் நீலமாக இருந்தன. வயிறு பலகைபோல இறுகியிருந்தது. அழுத்தம் மட்டும் அப்படியே எழுபத்தாறு. அறுவை அறையில் வயிற்றைத் திறந்தபோது தார்சீசியோவுக்குப் பின்னால் நின்றேன். குடல் முழுக்கக் கரிய நிறம். இந்த முறை யாரும் நூல் கட்டியிருக்கவில்லை. சாயங்காலம் வால்மோர் இறந்தார்.

தார்சீசியோ கையுறையைக் கழற்றிக்கொண்டே, “நல்லாத்தானே வந்துகிட்டு இருந்தான்” என்றான். இரண்டு முறை சொன்னான்.

தேவாலயத்தில் நடந்த ஏழாம் நாள் பூசையில் ஜுசாரா எழுந்து நின்று பேசினாள். ஆண்டவருக்கு அடுத்தபடி அனெலீஸ்தான், கடைசி வரைக்கும் போராடினாள், அவர் முகத்துக்கு ஒரு நாள் ரத்தம் திரும்பி வந்ததைப் பார்த்தேனே அது போதும் என்றாள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் பக்கத்துத் தெரு ஒதீலியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகன் நிமோனியாவோடு அதே வார்டில் கிடக்கிறான்.

“டாக்டரம்மா, என் புள்ளைக்கும் அந்த மருந்தைக் குடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்.”

“வர்றேன், ஒதீலியா” என்றேன்.

ஏதோ ஆறுதலுக்குச் சொன்னதாகத்தான் நினைத்தேன். காரில் ஏறிய பிறகுதான் கவனித்தேன், மனது பையனின் எடைக்கு எவ்வளவு மருந்து என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இளம் வயது, நல்ல இதயம், வால்மோருக்குக் கொடுத்ததைவிடக் குறைத்துக் கொடுத்தால் குடல் தப்பிக்கலாம் என்று. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி நேராக இங்கே ஓட்டிவந்தேன். என் பையில் இருந்த கடைசி மருந்துச் சீசா இதோ, உங்கள் மேஜை மேல் இருக்கிறது. வேறு எங்கும் மிச்சம் இல்லை. இதை எனக்குச் சாதகமாக நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை.

மருத்துவத்தில் தவறு நடப்பது குற்றமாகாதே, இதற்கு ஏன் காவல் நிலையம் என்கிறீர்கள். நியாயம்தான். அழுத்தம் ஏன் திடீரென்று சரிந்தது என்றும் கேட்டீர்கள். நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பேனோ என்னவோ.

அன்று காலையில் வால்மோர் தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னேன். அது உண்மையில்லை. முழித்திருந்தார். ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, “எலி டாக்டர் வந்தாச்சா? பசிக்குது. மீன் சாறு ஊத்தி மரவள்ளி மாவுக் கஞ்சி கொண்டுவரச் சொல்லுங்க ஜுசாராவை” என்றார். ஷாக்கில் இருக்கிறவருக்குப் பசிக்காது, மேடம். வெளியே வந்தபோது தார்சீசியோவும் சொன்னான், “கல்லு மாதிரி ஆளு. நாளைக்குள்ள அழுத்த மருந்தை நிறுத்திடுவேன்” என்று. அதற்குப் பிறகுதான் நான் ஜுசாராவிடம் போய், வழக்கமான மருந்து பிடிக்கவில்லை என்றேன். கஞ்சி கேட்டதை அவளிடம் சொல்லவே இல்லை.

பிழைக்கப்போகிற ஒருவர்தான் எனக்கு வேண்டியிருந்தார். ஆனால் பிழைக்கப்போகிறவருக்கு என் மருந்தைக் கொடுக்க அனுமதி கிடையாது. மதியம் நர்ஸ் அடுத்த கட்டிலுக்குத் திரும்பியபோது, அவருடைய அழுத்த மருந்து ஓடும் பம்பை நான் குறைத்தேன். என் எலிகளுக்கு வைத்திருப்பதும் அதே வகைப் பம்புதான். பார்க்காமலே விரல் போகும். எண் விழ ஆரம்பித்தது. வால்மோர் என் பக்கம் திரும்பி, “தலை சுத்துது” என்றார். இதோ சரியாகிவிடும் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். நாற்பத்தெட்டுக்கு வந்ததும் பம்பைப் பழைய அளவுக்கு ஏற்றிவைத்துவிட்டு, டாக்டரைக் கூப்பிட்டேன். ஏற்கனவே பிழைத்துக்கொண்டிருந்த மனிதரை நான்தான் கீழே தள்ளினேன், என் மருந்து தூக்கிவிட்டது என்று பேர் வாங்குவதற்காக. கறுத்த குடலை எலியிடம் பார்த்த பிறகுதான் இதைச் செய்தேன். நூல் காரணமில்லை, குழாய்களை அளவுக்கு மீறி இறுக்கிய என் மருந்துதான் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். இது ஜுசாரா காதுக்குப் போக வேண்டாம். தாங்க மாட்டாள், அவளை எனக்குத் தெரியும். எனக்காகக் கேட்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வீட்டில் இப்போது தனியாகக் கிடக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?