நடக்க வைத்துச் சண்டை போட்ட வைஜெயந்தி அம்மையாருக்கு

செவ்வாய்க்கிழமை காலையானால், கஞ்சி குடித்தோமா இல்லையா என்றுகூடக் கேளாமல், போனுக்குள்ளிருந்து குரல் கொடுத்து எங்களைக் கட்டிலை விட்டுக் கிளப்பிய கண்டிப்பின் திருவுருவே! அலுக்காத அக்கறையே! சலிக்காத சச்சரவே! பிசியோதெரபிஸ்ட் பணியிலிருந்து இன்று ஓய்வு பெறும் பெருமதிப்பிற்குரிய வைஜெயந்தி அம்மையாரே! வணக்கம்.

உங்களைப் பாராட்டத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் உங்கள் மேல் எங்களுக்குக் கோபமும் உண்டு. அதையும் இந்த மடலிலேயே எழுதிவிடும்படி வகுப்பார் அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள்.

இந்த மடலை எழுதும் நான், போர்ட் பிளேர் ஹேடோ துறைமுகத்தில் கப்பலிலிருந்து சிமெண்ட் மூட்டை இறக்கி இறக்கியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவன். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் எழுத்துக் கூட்டினேன், பிழையிருந்தால் பொறுக்கவும். வடக்குக் கோடியில் இருக்கும் திக்லிபூர் கரீமா அக்காவுக்கு விறகுப் புகையால் வந்த வினை. எங்களைப் போல நுரையீரல் கெட்டவர்களுக்குப் பயிற்சி வேண்டுமென்றால் முன்பெல்லாம் போர்ட் பிளேருக்குத்தான் வர வேண்டும். திக்லிபூரிலிருந்து பொழுதெல்லாம் குலுங்கி வந்து சேர்வதற்குள், இருக்கிற மூச்சும் பஸ்ஸோடு போய்விடும். அந்தப் பயிற்சியைப் போனுக்குள் அடக்கி எங்கள் வாசலுக்கே கொண்டுவந்தவர் நீங்கள். அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் என்ன பாடு படுத்தினீர்கள்! நடந்துகொண்டே பேச வேண்டும். பேச முடிந்தால் நடை சரி, வார்த்தை அறுந்தால் நின்று, உதட்டைக் குவித்து மெல்ல ஊத வேண்டும் என்றீர்கள். மூச்சே முட்டும்போது என்னத்தைப் பேசுவது? ஊமையாய் நடந்தோம். நீங்களோ வம்புக்கு இழுத்தீர்கள். "என்ன முத்துகிருஷ்ணன் அண்ணே, ஹேடோக்காரங்க பாதிக் கப்பலை நிழல்ல படுத்துக்கிட்டே இறக்குவீங்களாமே?" வந்த ஆத்திரத்தில், எந்தக் கப்பல், எந்த மேஸ்திரி, எவ்வளவு வெயில் என்று சொல்லிக்கொண்டே வீட்டை எத்தனை சுற்றுச் சுற்றினேன் என்று எனக்கே தெரியாது. "ம், இன்னைக்கு நல்லா நடந்தீங்க" என்று போனை வைத்துவிட்டீர்கள். நான் சொல்ல வந்ததில் பாதி இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

கரீமா அக்கா ஒரு வருடமாய் வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை என்று அவர் கணவர் ஹபீப் முகம்மது பாய் சொல்லி அழுதிருக்கிறார். 'தண்ணி கொடு', 'கதவைச் சாத்து', அவ்வளவுதான். அந்த அக்காவிடம் போய், "உங்க மீன் குழம்புல புளியே கிடையாதாமே, வெறும் தண்ணியாமே?" என்று கேட்டீர்களே, துணிச்சல்தான்! மீன் கழுவுவதில் தொடங்கித் தாளிப்பு வரைக்கும் அவர் உங்களை வெளுத்து வாங்கியதை வகுப்பே கேட்டது. பாய் ஓடி வந்து, "அரே, இவ்வளவு பேச்சை எங்கே வச்சிருந்தே?" என்றார். "நீங்க எப்பவாவது என் குழம்பைக் குறை சொன்னீங்களா?" என்றார் அக்கா.

இப்படிப்பட்ட வகுப்பை இன்றோடு நிறுத்தப் போகிறார்களாம்! உங்கள் இடத்துக்கு மெயின்லேண்டிலிருந்து ஆள் வரும்வரை வகுப்பு இல்லையாம். எப்போது வருவார் என்று ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கேட்டால், "தேகேங்கே, பார்க்கலாம்" என்கிறார்கள். நடை நின்றால் எங்களுக்கு மறுபடி கட்டில்தான். புளிக்காக எங்களிடம் அத்தனை சண்டை பிடித்த நீங்கள், அலுவலகத்தில் மட்டும் "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு வந்தீர்களே, அதுதான் எங்கள் கோபம்!

ஆகவே, பொறுமையின் பெட்டகமே, நாங்களே முடிவு செய்துவிட்டோம். வரும் செவ்வாய் முதல் கரீமா அக்கா தம் போனிலிருந்து வகுப்பை நடத்துவார். நடையும் ஊதலும் அவருக்கு மனப்பாடம். வம்புக்கு இழுப்பதில் உங்களையே மிஞ்சுவார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியில் யாருக்காவது அளவு இறங்கினால் அந்தந்த ஊர் நர்சிடம் சொல்லவும் பேசி வைத்தாயிற்று. அலுவலகத்திடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் 'தேகேங்கே'தான்.

நீங்கள் நோய் அண்டாமல், படியேறும்போதும் பேச்சு அறாமல், நெடுநாள் வாழ வேண்டும். முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு திரியாமல் வைத்தியம் பார்க்க வேண்டும். செவ்வாய் காலை போனைத் திறந்து எங்களோடு உட்கார வேண்டும். நாங்கள் தப்பாய்ச் செய்தால் மட்டும் சொல்லலாம். மற்ற நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது கரீமா அக்காவின் உத்தரவு.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை மூச்சு வகுப்பார்,
ஹேடோ, புரோத்ராபூர், திக்லிபூர்